வல்னரபிலிட்டி: பாதிப்பா, பலவீனமா, ஊறுபடுநிலையா?

காலநிலை மாற்றம் பற்றிய எந்தத் திட்ட அறிக்கையைத் திறந்தாலும் ‘வல்னரபிலிட்டி’ (vulnerability) என்ற ஆங்கிலச் சொல் வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் இப்போது தாய்சேய் நலம், குடும்பத்திட்டம், மாதவிடாய்ச் சுகாதாரம் சார்ந்த படிவங்களுக்குள்ளும் அது வந்துவிட்டது. தமிழாக்கத்தில்தான் சிக்கல். ஒரே அறிக்கையின் முதற்பக்கத்தில் ‘பாதிப்பு’ என்று இருக்கும், நாலு பக்கம் தள்ளி ‘பலவீனம்’ என்று இருக்கும், இறுதியில் ‘நலிவு’ என்று முடியும். மூன்றும் ஒன்றல்ல. எதை அளக்கிறோம் என்று தெரியாமல் படிவம் நிரப்பினால், பாலியல், இனப்பெருக்கச் சுகாதாரம் போன்ற நுட்பமான துறையில் விடை முழுவதும் பிழைத்துப் போகும்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘வுல்னுஸ்’ என்றால் காயம், புண். அதிலிருந்து காயப்படுத்துதல் என்ற வினை, பிறகு ‘காயப்படக்கூடிய’ என்ற அடை. 17ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்குள் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது காலம். காயம் இன்னும் படவில்லை, அடி வந்தால் படும் என்ற நிலையைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது.

இதனால்தான் ‘பாதிப்பு’ என்பது பொருந்தாது. பாதிப்பு என்றால் நடந்து முடிந்தது. வெள்ளம் வடிந்தபிறகு கிராம அலுவலர் எழுதிக்கொண்டு போவது பாதிப்பு. வெள்ளம் வருமுன் அறிய வேண்டியது வேறு. ‘பலவீனம்’ இன்னும் மோசம். அது குறையை ஆளின் உடம்பில் கொண்டுபோய் வைக்கிறது. எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி பலவீனமானவள் அல்ல. அவளுடைய வீட்டுக்கும் கிளினிக்குக்கும் இடையில் இருக்கும் மதகுதான் பலவீனமானது. ‘நலிவு’ என்பதற்கு மெலிவு, வறுமை என்ற பொருள்கள் ஒட்டியிருப்பதால் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்கள். ‘எளிதில் பாதிக்கப்படக்கூடிய தன்மை’ பொருளில் சரி. ஆனால் அதன் பின்னால் ‘சுட்டெண்’, ‘மதிப்பீடு’ என்று சேர்த்து எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும்.

என் தெரிவு ‘ஊறுபடுநிலை’. இதற்குக் காரணம் ‘ஊறு’ என்ற சொல்லின் வரலாறு. ‘உறு’ என்ற வினையடியில் பிறந்த இந்தச் சொல்லுக்கு இரண்டு பழைய பொருள்கள் உண்டு. ஒன்று தொடுகை. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றமென் றைந்தின்’ என்று ஐம்புலன்களை எண்ணும் குறளில் (27) ஊறு என்பது தொட்டறியும் உணர்வு. மற்றது கேடு, காயம், தடை. ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்று வினைத்திட்பத்தில் (662) வருவது இந்தப் பொருளில். கேடு வருமுன் விலக்குவது, வந்துவிட்டால் தளராமல் நிற்பது என்று இரண்டையும் அந்த அடி பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. நாம் தினமும் சொல்லும் ‘இடையூறு’ என்பதிலும் இதே ஊறுதான் இருக்கிறது. நீரில் ஊறுவது, ஊறுகாய் எல்லாம் வேறு வழியில் வந்தவை. அவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தொடுவதும் காயப்படுவதும் ஒரே சொல்லுக்குள் இருப்பது இந்தத் துறைக்கு மிகவும் பொருந்துகிறது. அதோடு ‘படு’ சேரும்போது இலத்தீன் சொல்லின் ‘காயப்படக்கூடிய’ என்ற பொருள் குறையாமல் கிடைக்கிறது.

சரி, துறை அறிஞர்கள் இதற்கு என்ன வரையறை தந்தார்கள்? காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2001இல் வெளியிட்ட மூன்றாவது மதிப்பீட்டு அறிக்கையில் ஊறுபடுநிலைக்கு மூன்று கூறுகள் சொல்லப்பட்டன. அடி விழும் இடத்தில் இருக்கிறோமா என்பது ஆட்படுதல். விழுந்தால் எவ்வளவு கடுமையாகப் படும் என்பது உணர்திறன். அதைச் சமாளித்து மாறிக்கொள்ளும் வல்லமை இசைவாக்கத் திறன். 2014இல் முடிந்த ஐந்தாவது அறிக்கை இதை மாற்றியது. ஆட்படுதலைத் தனியே பிரித்தெடுத்து, இடரும் ஆட்படுதலும் ஊறுபடுநிலையும் சேருமிடத்தில்தான் ஆபத்து உருவாகிறது என்றது. அதன்பின் ஊறுபடுநிலைக்குள் மிஞ்சியவை உணர்திறனும் வல்லமைக் குறைவும்தான்.

ஏதோ வரையறைச் சண்டை என்று இதைக் கடந்து போகக் கூடாது. கரையோரத் தாழ்நிலத்தில் ஒரே ஒழுங்கையில் இரண்டு கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மழைவெள்ளம் இருவரின் வாசலிலும் ஒரே உயரத்தில் நிற்கிறது, ஆட்படுதல் சமம். ஒருத்திக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தமக்கை வீடு இருக்கிறது, ஓட்டோ வைத்திருக்கும் தம்பி இருக்கிறார், கிளினிக் அட்டை பொலித்தீன் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. மற்றவளின் கணவர் கடற்றொழிலாளி. தொழிலில்லாத கிழமையில் கையில் காசும் இல்லை, மலசலகூடம் தண்ணீருக்குள். வெள்ளத்தின் உயரத்தை மட்டும் அளக்கும் வரைபடத்தில் இந்த இருவரும் ஒரே நிறத்தில்தான் இருப்பார்கள்.

‘இனப்பெருக்கச் சுகாதாரம்’ என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1994இல் கெய்ரோ மாநாட்டில் 179 நாடுகள் ஏற்றுக்கொண்ட செயற்திட்டம், இதை நோயில்லாத நிலையோடு நிறுத்தாமல், எப்போது, எத்தனை பிள்ளை என்று தானே தீர்மானிக்கும் உரிமை வரைக்கும் விரித்தது. ஆகவே கருத்தடை, பேறு, மாதவிடாய், பாலியல் வன்முறையிலிருந்து பாதுகாப்பு எல்லாம் இதற்குள் வரும்.

காலநிலை இவற்றை எப்படித் தொடுகிறது? வெப்பத்தைப் பற்றி ஓரளவு தெளிவு இருக்கிறது. 27 நாடுகளில் நடந்த 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த தொகுப்பு, வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடும்போது குறைமாதப் பேற்றுக்கான வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடுகிறது என்றது. வெப்ப அலை நாட்களில் 16 சதவீதம். உப்பைப் பற்றிய தகவல் வங்காளதேசத்திலிருந்து வருகிறது. அங்கு டாகோப் என்ற கரையோரப் பகுதியில், குடிநீரில் உவர் ஏறும் வறண்ட காலத்தில் கர்ப்பிணிகளிடம் உயர் இரத்த அழுத்தம் அதிகம் காணப்பட்டது. வற்றாத ஆறு இல்லாத நம் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின்மேல் நிற்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். டாகோப்பின் முடிவை அப்படியே இங்கு ஒட்ட முடியாது. ஆனால் கர்ப்பிணி குடிக்கும் தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர், பவுசர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று பதிவது கடினமான காரியமல்ல. 2024இல் வடமராட்சி கிழக்குக் கரையிலுள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டபின், யாருக்கு அந்த நீர் கிடைக்கிறது, யாருக்கு இல்லை என்பதே இசைவாக்கத் திறனின் ஓர் அளவு.

நான் அதிகம் யோசிப்பது திகதிகளைப் பற்றி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் இறுதியில் போட்டவளுக்கு அடுத்த ஊசி நவம்பர் இறுதியில். வடகீழ்ப் பருவமழை கொட்டும் நேரம் அது. 2008இல் நிஷா புயலும் 2024இல் ஃபெங்கல் புயலோடு வந்த வெள்ளமும் யாழ்ப்பாணத்தை அடித்தது அந்த நவம்பர் இறுதியில்தான். ஊசி நான்கு வாரம் வரை பிந்தினாலும் போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் வெள்ளம், முகாம், வீடு கழுவல், பிறகு டெங்குக் காய்ச்சல் என்று அடுத்தடுத்து வந்தால் நான்கு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். யாரும் கவனிக்காமல் ஒரு கர்ப்பம் தரித்துவிடும், அது எந்த அனர்த்தப் புள்ளிவிபரத்திலும் வராது.

ஒக்சிற்றோசின் விசயமும் இப்படித்தான். பிள்ளை பிறந்ததும் தாய்க்கு இரத்தப்போக்கு மிஞ்சாமல் காக்கும் மருந்து அது; 2 முதல் 8 பாகைக்குள் குளிரில் இருக்க வேண்டும். புயலடித்துக் கரண்ட் போனால், மருந்து அலுமாரியில் இருக்கும், வேலை செய்யுமா என்பது தெரியாது. ஆகவே மருந்து இருக்கிறதா என்ற கேள்வியோடு, மின்சாரமில்லாமல் எத்தனை மணித்தியாலம் குளிர் நிற்கும், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

உலகச் சுட்டெண்களில் இந்தக் கேள்விகள் இல்லை. நோட்டர்டாம் பல்கலைக்கழகம் நாடுகளை வரிசைப்படுத்தும் சுட்டெண்ணில் ஊறுபடுநிலைக்கு மட்டும் உணவு, நீர், சுகாதாரம், வாழிடம் உட்பட 6 துறைகளில் 36 குறிகாட்டிகள். மருத்துவப் பணியாளர், கழிப்பிட வசதி எல்லாம் அதில் உண்டு. கருத்தடைக்கும் பேற்றுக்கும் தனியிடம் இல்லை. இலங்கைக்குள் இன்னொரு பொறியும் இருக்கிறது. இங்கு கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையில்தான் பிறக்கின்றன. எத்தனை சதவீதம் வைத்தியசாலைப் பேறு என்று கேட்டால் முழுப் புள்ளி கிடைக்கும். அந்த முழுப் புள்ளிக்குப் பின்னால் நெடுந்தீவு ஒளிந்துகொள்ளும். காற்று மாறிக் கடல் கொந்தளித்தால் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் படகு ஓடாது. அப்போது அந்தத் தீவுக் கர்ப்பிணிக்குக் குடாநாட்டின் பெரிய வைத்தியசாலை இருந்தும் இல்லாததுதான். ஆண்டுச் சராசரி இதைக் காட்டாது, மாவட்டச் சராசரி இன்னும் காட்டாது.

அளவை மாதவாரியாக, ஊர்வாரியாக இறக்கினால்தான் ஊறுபடுநிலை வெளியே தெரியும். புதிய கருவியெதுவும் இதற்குத் தேவையில்லை. குடும்பநல மாதுவிடம் தகுதிவாய்ந்த குடும்பங்களின், அதாவது தாய்சேய் நலச் சேவைக்குரிய குடும்பங்களின், பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அட்டை இருக்கிறது, அதில் பேறுகாலத் திகதியும் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் பேறு பார்த்திருப்போர், அந்த மாதங்களில் ஊசித் திகதி வருவோர், அவர்களில் திகதியில் வந்தோர், பிந்தியோர் என்று பிரித்து, அதே கணக்கை மே, ஜூனோடு ஒப்பிட்டாலே போதும். இடைவெளி எங்கே அகலுகிறதோ அங்கே வேலை இருக்கிறது.

ஒன்றே ஒன்றில் எண்ணிக்கையை நம்பக் கூடாது. வெள்ளத்தில் இடம்பெயர்ந்தோர் தங்கும் நலன்புரி நிலையமாக மாறிய பாடசாலையில் பாலியல் தொல்லை பற்றி முறைப்பாடு எதுவும் வரவில்லை என்றால், அங்கு ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல. பெண்களுக்குத் தனி மலசலகூடம் உண்டா, உள்ளே தாழ்ப்பாள் உண்டா, போகும் வழியில் இரவில் வெளிச்சம் உண்டா, முறைப்பாட்டைப் பெண்ணிடம் சொல்ல முடியுமா, சுகாதாரத் துவாய் கொடுப்பவர் ஆணா பெண்ணா: இவைதான் அங்கே அளவுகள்.

வழக்கில் எப்படி எழுதலாம்? அறிக்கையில் ‘காலநிலை ஊறுபடுநிலை’, ‘ஊறுபடுநிலைச் சுட்டெண்’, ‘ஊறுபடுநிலை மதிப்பீடு’. ஆட்களைக் குறிக்கும்போது ‘ஊறுபடும் நிலையிலுள்ள தாய்மார்’ என்று எழுதலாம், ‘பலவீனமான தாய்மார்’ என்று எழுத வேண்டாம். வீடு வீடாகப் போகும் வினாக்கொத்தில் இந்தச் சொல்லே தேவையில்லை. ‘போன மாரிக்கு கிளினிக் தவறினதா? தவறினால் ஏன்? இரவில் வலி வந்தால் ஆரைக் கூப்பிடுவீங்கள், என்னத்தில் போவீங்கள்?’ என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.