பழைய போனுக்குப் பணம் கொடுக்கும் முன் பூட்டைப் பாருங்கள்

அமெரிக்காவில் கைமாறிய போன் வாங்கி ஏமாந்தவர்களிடம் கேட்டால் கதை ஒன்றுதான். விற்றவர் "எந்த சிம் போட்டாலும் ஓடும்" என்றார், போட்டால் ஓடவில்லை. போனை முதலில் விற்ற தொலைபேசி நிறுவனம், தன் சிம் மட்டுமே ஓடும்படி அதைப் பூட்டியிருந்தது. தம் சிம் நிறுவனத்திடம் போனால், "போனை முதலில் விற்ற நிறுவனத்தைக் கேளுங்கள்" என்கிறார்கள். அங்கே போனால், "பழைய உரிமையாளரின் கணக்கு எண் என்ன? நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லையே" என்கிறார்கள். பழைய உரிமையாளரோ போனை எடுப்பதில்லை.

சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2014இல் வந்த சட்டப்படி, உங்கள் போனின் பூட்டைத் திறப்பது குற்றமல்ல. நிறுவனம் திறந்து கொடுத்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் தாங்களாக ஏற்றுக்கொண்ட நடத்தை விதி ஒன்று உண்டு. தகுதியான கோரிக்கைக்கு 2 வேலை நாள்களுக்குள் திறக்க வேண்டும், அல்லது பதிலாவது சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்கும் முன்னாள் வாடிக்கையாளருக்கும் இது இலவசம். மற்றவரிடம் "நியாயமான கட்டணம்" கேட்கலாம். பழைய போன் வாங்கிய நீங்கள்தான் அந்த மற்றவர்.

"தகுதியான" என்ற சொல்லுக்குள்தான் எல்லாப் பொறியும் இருக்கிறது. தவணை பாக்கி இருந்தால் தகுதி இல்லை. ப்ரீபெய்ட் போன் என்றால், முதலில் இயக்கிய நாளிலிருந்து ஓராண்டு வரைகூடக் காக்க வைக்க விதி இடம் கொடுக்கிறது. பாக்கியைக் கட்டுவதும் காத்திருப்பதும் விற்பவரின் வேலை. "நீங்களே கேட்டுத் திறந்துகொள்ளலாம்" என்று அவர் சொன்னால் வாங்காதீர்கள்.

பூட்டு வேறு, கருப்புப் பட்டியல் வேறு. பூட்டே இல்லாத போனும், திருடப்பட்டதாகப் பதிவாகியிருந்தால் இயங்காது. இதைவிட மோசமானது, இன்று சுத்தமாக இருக்கும் போன். விற்றவர் அடுத்த மாதம் தவணையை நிறுத்திவிட்டால் அதுவும் பட்டியலில் ஏறலாம், அடி உங்களுக்குத்தான். ஆகவே *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணைத், திருட்டுப் போன் சரிபார்க்கும் தளத்தில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. தவணை முழுவதும் கட்டி முடிந்ததற்கு நிறுவனம் கொடுத்த ஆதாரத்தையும் கேளுங்கள்.

ஐபோனில் அமைப்புகளுக்குள் "பொது", அதற்குள் "அறிமுகம்" என்ற பக்கத்தில் பூட்டு நிலை தெரியும். சிம் கட்டுப்பாடு இல்லை என்று அங்கே இருக்க வேண்டும். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு இன்னும் போனில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் எந்தத் தொலைபேசி நிறுவனத்தாலும் உங்களுக்கு உதவ முடியாது.

இத்தனையும் சரியாக இருந்தும் குரல் அழைப்பு மட்டும் வராமல் போவதுண்டு. 2022இல் பெரிய நிறுவனங்கள் பழைய 3ஜி வலையமைப்பை மூடிய பின் அழைப்பும் பெரும்பாலும் 4ஜி அல்லது 5ஜி வழியேதான் போக வேண்டும். சில நிறுவனங்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட மாடல்களுக்கு மட்டுமே அதை அனுமதிக்கின்றன. எனவே விற்பவர் எதிரிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு பேசிப் பாருங்கள். இணையம் வருவதைப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டாதீர்கள்.

தகுதி இருந்தும் நிறுவனம் பூட்டைத் திறக்காமல் இழுத்தடித்தால், கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை. ஆணையம் புகாரை அனுப்பியதும் நிறுவனம் 30 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கோரிக்கை எண், தேதி, மறுத்த மின்னஞ்சல் மூன்றையும் இணையுங்கள். தொலைபேசியில் யாரோ சொன்னது கணக்கில் வராது.