கச்சான் காற்றும் லுணுகலை ஏற்றமும்: வீட்டில் செய்யும் மின்சைக்கிளின் கணக்கு

சைக்கிளுக்கு மோட்டர் பூட்ட நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகமாக ஓடும்?" என்பதைத்தான். என்னைக் கேட்டால், வேகம் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். எந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு, எவ்வளவு நேரம் மோட்டர் உழைக்க வேண்டும் என்பதே முதற் கேள்வி. மோட்டர், பற்றரி, பற்சக்கரம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த விடைதான்.

ஓட்டுபவர் 70 கிலோ. சைக்கிள், மோட்டர், பற்றரி, கையில் கொண்டுபோகும் பை எல்லாம் சேர்த்து மொத்தம் 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்று அசையாத காலையில், சமதரையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது காற்றின் தடை ஏறத்தாழ 11 நியூற்றன். ரயரின் உருளல் தடை 8 நியூற்றன். இந்த 19 நியூற்றனை வேகத்தால் (செக்கனுக்கு 5.6 மீற்றர்) பெருக்கினால் சுமார் 105 வாற்று. சாதாரண உடல்நலமுள்ள ஒருவர் நெடுநேரம் மிதிக்கக்கூடிய வலு 75 முதல் 100 வாற்று வரை. ஆகவே அந்தக் காலையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடக்க மோட்டரின் தயவு அதிகம் தேவையில்லை.

கச்சான் வீசத் தொடங்கினால் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுக்கத்தால் சூடேறி, வரண்டு நம்மிடம் வந்து சேர்கிறது. அந்த நாட்களில் வலையிறவுப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகிறவர் அதை முகத்துக்கு நேரே வாங்குகிறார். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவது. நம் வேகம் 20, எதிர்க்காற்று 20 என்றால், காற்றைப் பொறுத்தவரை நாம் 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறோம். 11 நியூற்றனாக இருந்த தடை 44 ஆகிவிடும். கூடிய 33 நியூற்றனும், 100 மீற்றருக்கு 3.4 மீற்றர் உயரும் சாய்வில் ஏறுவதற்கு ஒப்பானது. தேவையான வலு 105 வாற்றிலிருந்து 290 வாற்றுக்குப் போய்விடுகிறது. சமதரை என்று நாம் நினைக்கும் படுவான்கரை வீதியில் இப்படி ஒரு மலை ஆண்டுதோறும் வந்து போகிறது.

உண்மையான மலைக்கு வருவோம். செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதி மகாஓயா, பிபிலை கடந்து லுணுகலை, பசறைப் பக்கம் ஏறுகிறது. பசறையில் நியமனம் கிடைத்த ஆசிரியர் ஒருவர், மட்டக்களப்பில் செய்த மின்சைக்கிளை அங்கே கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றருக்கு 5 மீற்றர் உயரும் சாய்வில், உருளல் தடையோடு சேர்த்து அவர் தள்ள வேண்டியது 57 நியூற்றன். சாய்வு 10 மீற்றர் என்றால் 106 நியூற்றன். 26 அங்குலச் சில்லின் ஆரை 0.33 மீற்றர், ஆகவே சில்லில் வேண்டிய முறுக்குவிசை (சுழற்றும் திறன், அதாவது விசையை ஆரையால் பெருக்கியது) முதல் ஏற்றத்தில் 19, இரண்டாவதில் 35 நியூற்றன் மீற்றர்.

மோட்டர் எரிவது இந்த இடத்தில்தான். மோட்டரின் முறுக்குவிசை அதன் செப்புச் சுருளில் ஓடும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதமானது. சுருளில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு. சாய்வு இரட்டித்ததும் வெப்பம் ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது. மெதுவாக ஏறினால் மோட்டருக்கு நோகாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஒரு சாய்வைத் தாங்க வேண்டிய முறுக்குவிசை, நீங்கள் மெதுவாகப் போனாலும் விரைவாகப் போனாலும் மாறாது. மெதுவாகப் போனால் அதே வெப்பம் கூடுதலான நிமிடங்களுக்குத் தொடரும். செம்பு சூடாகச் சூடாக அதன் மின்தடையும் பாகைக்கு 0.4 வீதம் அளவில் கூடுவதால், சூடு இன்னும் சூட்டை வளர்க்கும். காந்தங்கள் வலுவிழக்கும். மேட்டில் மோட்டர் நின்றே போய்விட்டால், உள்ளே செல்லும் வலு முழுவதும் வெப்பமாகவே மாறும்.

சில்லின் நடுவே பூட்டும் குட மோட்டருக்கு இதுதான் பெருஞ்சிக்கல். மணிக்கு 30 கிலோமீற்றருக்கென்று சுற்றப்பட்ட குட மோட்டர் நிமிடத்துக்கு 240 தடவை சுழலும்போது நன்றாக வேலை செய்யும். 10 கிலோமீற்றர் வேகத்தில் மேடேறும்போது அது 80 தடவைதான் சுழல்கிறது. அதற்கென்று கியர் கிடையாது. உள்ளே சிறு பற்சக்கரங்கள் இருந்தாலும் அந்த விகிதத்தை மாற்ற முடியாது.

பெடல் அச்சில் பூட்டும் மோட்டர், தன் விசையைச் செயின் வழியாக அனுப்புகிறது. முன்னே 34 பல், பின்னே 34 பல் உள்ள கியரில், பெடல் ஒருமுறை சுழல சில்லும் ஒருமுறை சுழலும். 10 கிலோமீற்றர் வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 80 சுற்று; இந்த மோட்டர் விரும்பும் வேகமும் அதுவே. அந்த 10 மீற்றர் சாய்வில் வேண்டிய வலு சுமார் 300 வாற்று. ஆசிரியர் 100 வாற்று மிதித்தால், மோட்டர் 200 தந்தால் போதும். 500 வாற்றுக் குட மோட்டர் திணறும் ஏற்றத்தில், 250 வாற்றுப் பெடல் மோட்டர் ஏறிவிடுவதன் காரணம் இதுதான். செயின் விரைவில் தேயும், விலையும் கூடுதல். ஆயினும் பசறைக்கு இதையே சொல்வேன். படுவான்கரைக்குக் குட மோட்டர் போதும். எதிர்க்காற்றில் கியர் இல்லாவிட்டாலும் 20 கிலோமீற்றர் வேகத்தைப் பிடிக்கலாம். குட மோட்டர்தான் வேண்டும், மேடும் ஏற வேண்டும் என்பவர் 20 அங்குலச் சில்லுள்ள சைக்கிளைத் தேடலாம்: ஆரை 0.25 மீற்றராகக் குறைவதால், அதே ஏற்றத்தில் சுருளின் வெப்பம் நூற்றுக்கு 57 ஆக இறங்கும்.

குட மோட்டர் பூட்டுகிறவர்கள் அச்சை மறந்துவிடக்கூடாது. சில்லை முன்னே சுழற்றும் முறுக்குவிசை, அச்சைப் பின்னே சுழற்றப் பார்க்கும். 35 நியூற்றன் மீற்றரை 10 மில்லிமீற்றர் அகலமுள்ள அச்சு தாங்கும்போது, அதன் விளிம்புகளில் 3,500 நியூற்றன் அளவில் விசை விழுகிறது. 350 கிலோ நிறைக்குச் சமம். அச்சைப் பிடித்து, சில்லைத் தாங்கும் கவைக் குழாயோடு பூட்டும் உருக்குத் தகடு இல்லாமல் மோட்டர் பூட்டவே வேண்டாம். அலுமினிய முன்கவை வெடித்தால் ஓட்டுபவர் முகங்குப்புற விழுவார். லுமாலா போன்ற உருக்குச் சட்டச் சைக்கிள்கள் இந்த விடயத்தில் நல்லவை.

இனிப் பற்றரி. ஒரு லித்தியம் அயன் கலம் 3.6 வோல்ற்று, முழுதாக ஏற்றினால் 4.2. பத்தைத் தொடராக இணைத்தால் 36 வோல்ற்று. 10 அம்பியர் மணி கொள்ளளவு என்றால் 360 வாற்று மணி, அதாவது மின்பட்டியலில் வரும் ஓர் அலகின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நூறு கிலோவை 100 மீற்றர் உயர்த்த 27 வாற்று மணி வேண்டும். மோட்டரில் கால்வாசி வீணாவதாகக் கொண்டால் 36. காற்றில்லாத சமதரையில் கிலோமீற்றருக்கு 7 வாற்று மணி, கச்சானுக்கு எதிரே 19. மிதிக்காமல் மோட்டரை மட்டும் நம்பினால், 50 கிலோமீற்றர் ஓட வேண்டிய பற்றரி 19 கிலோமீற்றரில் தீர்ந்துவிடும்.

பழைய மடிக்கணினிக் கலங்களைப் பிரித்து ஒட்டும் பழக்கம் எனக்கு அச்சம் தருகிறது. வலுக்குன்றிய ஒரு கலம் மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடும். அதன்பின்னும் மின்னேறினால் தீப்பற்றலாம். ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் கண்காணித்துத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று கட்டாயம் வேண்டும். இரவில் படுக்கையறையில் மின்னேற்றக்கூடாது. கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். பச்சை பூத்த இணைப்பில் தடை கூடி அந்த இடம் சூடாகும். அவ்வப்போது கழற்றிப் பார்த்துத் துடையுங்கள்.

கச்சான் காலத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. 100 வாற்றுச் சூரியத் தகடு, முழு வெயிலுக்கு ஈடான நான்கு மணிநேரம் கிடைத்தால் 400 வாற்று மணி தரும். தகடு சூடாவதாலும் மின்னேற்றியிலும் சிறிது இழந்தாலும், பற்றரியின் பெரும்பகுதி ஒரே பகலில் நிரம்பிவிடும். தகடு கூரையில் இருக்கட்டும், பற்றரி நிழலில் இருக்கட்டும்.

ஏறியவர் இறங்கவும் வேண்டும். 7 மீற்றர் சாய்வில் 30 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் இறங்க, பிரேக்குகள் இடைவிடாமல் சுமார் 300 வாற்று வெப்பத்தை விழுங்க வேண்டும். பெடல் மோட்டரால் இதில் எதையும் பற்றரிக்குத் திருப்ப முடியாது. ரிம்மில் உரசும் தேய்ந்த ரப்பர் கட்டைகளோடு லுணுகலைச் சரிவில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. மோட்டர் வாங்கப் பணம் சேர்ப்பவர், அதில் ஒரு பங்கை முதலில் தட்டுப் பிரேக்குக்கு ஒதுக்கட்டும்.