மதிப்பெண்ணோடு பிழை வரம்பையும் கேளுங்கள்

"போன முறை 98, இந்த முறை 91. பிள்ளைக்கு என்ன ஆயிற்று?" நுண்ணறிவுச் சோதனை அறிக்கையோடு வரும் பெற்றோர் பலர் இப்படிப் பதறுகிறார்கள். அந்த எண்களை மட்டும் வைத்து எதுவும் ஆகிவிட்டதாகச் சொல்ல முடியாது.

இத்தகைய சோதனைகளில் வழக்கமாகச் சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 15. நம்பகத்தன்மை, அதாவது மீண்டும் அளந்தால் முடிவு எவ்வளவு ஒத்துவரும் என்பதன் அளவு, 0.90 என்று கொள்வோம். அது நல்ல அளவுதான். ஒன்றிலிருந்து அதைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 15-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4.7 வரும். ஒரு மதிப்பெண்ணில் இருக்கும் அளவீட்டுத் திட்டப்பிழை அது. இரண்டு மதிப்பெண்களை ஒப்பிட்டால் இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். 95 விழுக்காடு உறுதியோடு "மாற்றம்" என்று சொல்ல, சுமார் 13 புள்ளி வேறுபாடு வேண்டும். ஜேக்கப்சனும் ட்ரூவாக்சும் 1991-இல் விளக்கிய நம்பகமான மாற்றக் குறியீடு இந்தக் கணக்குத்தான். ஏழு புள்ளிச் சரிவுக்காக ஒரு குழந்தையைக் கடிந்துகொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வினாத்தொகுப்பு உருவாக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வினாக்களின் உள் ஒத்திசைவிலிருந்து நம்பகத்தன்மையைக் கணக்கிடும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.8-ஐத் தாண்டியதுமே பலர் நிறைவடைந்துவிடுகிறார்கள். வினாக்களுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.1 இருந்தாலும், 40 வினாக்களைச் சேர்த்தால் ஆல்ஃபா 0.82 வந்துவிடும். வினாக்கள் எல்லாம் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்பதற்கு அது சான்றாகாது. அதற்கு, வினாக்களுக்குப் பின்னால் எத்தனை பண்புகள் (காரணிகள்) இருக்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும். அங்கேயும் கவனம் தேவை: ஐகன் மதிப்பு (விடைகளில் உள்ள வேறுபாட்டில் ஒரு காரணி விளக்கும் அளவு) ஒன்றுக்கு மேல் உள்ள காரணிகளையெல்லாம் எடுத்துக்கொள்ளும் பழைய விதி, இல்லாத காரணிகளையும் காட்டிவிடும். சில மென்பொருள்களில் இன்றும் அதுவே இயல்பு அமைப்பு. ஹார்ன் 1965-இல் தந்த இணைப் பகுப்பாய்வு, அதே அளவுள்ள சமவாய்ப்புத் தரவுகளை உருவாக்கி, அவற்றில் தற்செயலாகக் கிடைக்கும் ஐகன் மதிப்புகளைத் தாண்டுபவற்றை மட்டுமே காரணியாக ஏற்கிறது. கூடுதலாகச் சில நிமிட வேலை, தயவுசெய்து செய்யுங்கள்.

அறிக்கை பெறுபவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இந்த மதிப்பெண்ணின் பிழை வரம்பு என்ன? எந்த வயதினர், எந்த மொழியினரின் தரவோடு என்னை ஒப்பிட்டீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கி அறிக்கையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனையின்போது ஒப்பிட அது தேவைப்படும்.