காய்ச்சலுக்கு முந்திய நாட்கள்

மாரி மழை விட்ட மறுவாரம், எங்கள் உப்புவெளி வீட்டுச் சீமெந்துத் தொட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விட்டன. "இதுதான் டெங்கு, பாருங்கோ" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

டெங்கு என்பது ஒரு வைரஸ். அதை நோயாக்கி என்கிறோம். அதைச் சுமந்து திரியும் ஈடிஸ் நுளம்புக்கு நோய்க்காவி என்று பெயர். இரண்டையும் ஒன்றாக நினைத்தால் மற்றச் சொற்களெல்லாம் குழம்பிவிடும்.

தொட்டியில் பிறக்கும் நுளம்பிடம் பெரும்பாலும் வைரஸ் இருக்காது. தொற்றுள்ள ஒருவரின் இரத்தத்தைக் குடிக்கும்போதுதான் வந்து சேரும். குடித்த உடனேயே பரப்பவும் அதனால் முடியாது. வைரஸ் அதன் குடலில் பெருகி, உமிழ்நீருக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் பிடிக்கும். மனிதருக்கும் கடிபட்டு 4 முதல் 10 நாள் கழித்தே காய்ச்சல் வரும். அதுதான் நோயரும்பு காலம்.

சரி, நாட்களை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 1ஆம் திகதி ஒருவரை நுளம்பு கடிக்கிறது. 7ஆம் திகதி அவருக்குக் காய்ச்சல். அன்றைக்கே அவரை வேறொரு நுளம்பு கடிக்கிறது. அது 17ஆம் திகதியளவில் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடித்தால், பிள்ளை 23ஆம் திகதி படுக்கும். இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் தெருவில் புதிதாக ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நாம் தொட்டியை மறக்கிற நாட்கள் அவை.

இன்னொன்று, தொற்று வேறு, நோய் வேறு. டெங்கு தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்குக் காய்ச்சலே வராது. ஆனாலும் அவர்களிடமிருந்து நுளம்புக்கு வைரஸ் போகலாம். காய்ச்சல் வருபவரிடமிருந்தும் இரண்டு நாள் முன்பே போகலாம்.

ஓரிடத்தில் வழக்கமாக வருவதைவிட நோயாளர் தொகை சட்டென்று ஏறினால் அது கொள்ளைநோய். 2017 மார்ச்சில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாடு அதுதான். அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது.

மலேரியாவோ நம் வறண்ட வலயத்தில் தலைமுறைகளாகக் குடியிருந்த நோய். 2012 ஒக்டோபரோடு அதன் உள்ளூர்ப் பரவல் ஓய்ந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்று வழங்கியது. ஆனால் அதன் நோய்க்காவியான அனோபிலிஸ் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. போனது மலேரியாவின் நோயாக்கியான ஒட்டுண்ணி மட்டும். ஆபிரிக்காவிலிருந்து வந்தவர் காய்ச்சலோடு போனால், எங்கே போய் வந்தீர்கள் என்று வைத்தியர் முதலில் கேட்பது அதனால்தான்.