பராக்கு: விமானி அறையின் ‘டிஸ்ட்ராக்‌ஷனு’க்கு நம்மிடம் உள்ள சொல்

விமானச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘காக்பிட் டிஸ்ட்ராக்‌ஷன்’ என்ற தொடரைப் பார்த்ததும் ‘விமானி அறைக் கவனச்சிதறல்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் எழுதினேன். விமானி அறை சரி. சிதறல்தான் இடிக்கிறது.

முதலில் காக்பிட். சேவற்கட்டுக்காகத் தோண்டிய பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பேர் அது. பிறகு போர்க்கப்பலின் கீழ்த்தளத்தில், சண்டையின்போது காயம்பட்டவர்களைக் கிடத்தும் இடுக்கான இடத்துக்குப் போனது. சிறு படகில் சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளமும் காக்பிட்தான். முதல் உலகப் போரையொட்டி விமானத்தில் ஏறிக்கொண்டது. தமிழில் அந்தச் சேவலையும் பள்ளத்தையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ‘விமானி அறை’ என்றால் யாருக்கும் புரியும்.

அப்புறம் டிஸ்ட்ராக்‌ஷன். லத்தீனில் ‘டிஸ்’ என்றால் அப்பால், தனியே. ‘ட்ரஹெரே’ என்றால் இழுப்பது. வயலில் ஓடும் டிராக்டருக்கும் இதே வேர்தான். ஆக, இருந்த இடத்திலிருந்து கவனத்தை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போவதுதான் சொல்லின் அடிப்பொருள். சிதறல் என்றால் கொட்டிய நெல்போல நாலாபுறமும் தெறிப்பது. விமானி அறையில் நடப்பது பெரும்பாலும் அது இல்லை.

2009 அக்டோபர் 21 அன்று நடந்ததைப் பாருங்கள். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் 188ஆம் விமானம், 144 பயணிகளோடு அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்து மினியாபொலிஸுக்குப் போகிறது. 37,000 அடி உயரத்தில் தானியங்கி ஓட்டுகிறது. நார்த்வெஸ்ட்டை டெல்டா வாங்கியதால் விமானிகளுக்குப் பணிநேரம் ஒதுக்கும் முறை மாறியிருந்தது. அதை விளங்கிக்கொள்ள இருவரும் சொந்த மடிக்கணினிகளைத் திறந்து வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சிலேயே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தரையோடு வானொலித் தொடர்பே இல்லாமல் போனது. கட்டுப்பாட்டு மையங்கள் கூப்பிட்டதும் கேட்கவில்லை, நிறுவனம் அனுப்பிய எழுத்துச் செய்திகளும் கண்ணில் படவில்லை. இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி விமானம் நூறு மைலுக்கும் மேல் போய்விட்டது. கடத்தலாக இருக்குமோ என்று போர் விமானங்களைத் தயார்நிலையில் வைத்தார்கள். கடைசியில் பணிப்பெண் ஒருவர் உள்தொலைபேசியில் கூப்பிட்டு, எப்போது இறங்குவோம் என்று கேட்டார். விமானிகள் அப்போதுதான் நிமிர்ந்து கருவிகளைப் பார்த்தார்கள்.

இதில் சிதறியது என்ன? இரண்டு பேரின் கவனமும் முழுசாக, ஒருமித்து, இரண்டு திரைகளின் மேல் இருந்தது. அதுவும் ஒருமுகம்தான், ஆனால் முகம் திரும்பிய திசை வேறு.

இந்த இடத்தில்தான் எனக்குப் ‘பராக்கு’ ஞாபகம் வருகிறது. “பராக்குப் பார்க்காமல் நட” என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, அந்தப் பராக்கு. வேர் வடமொழி. ‘பராக்’ என்றால் அப்புறம் திரும்பிய, முகம் விலகிய என்று பொருள். லத்தீன் சொல்லின் ‘அப்பாலே இழுத்தல்’ எதைக் காட்டுகிறதோ, அதையேதான் இதுவும் காட்டுகிறது.

குழந்தைக்குச் சோறூட்டும் தாய் காக்கையையோ நிலாவையோ பராக்குக் காட்டுவாள். பிள்ளையின் கண் மேலே போகும், வாய் தானாகத் திறக்கும், உருண்டை உள்ளே இறங்கும். சாப்பிடுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது. தானியங்கி ஓட்டும் விமானத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் விமானியின் நிலையை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் படம் எனக்குக் கிடைக்கவில்லை. வேலை நின்றிருந்தால் மனம் திரும்பியிருக்கும். வேலை தன்பாட்டுக்கு நடப்பதால்தான் மனம் திரும்புவதில்லை.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. அரசவையில் கட்டியக்காரன் “பராக்! பராக்!” என்று முழங்குவானே, அங்கே அதன் பொருள் நேர்மாறு: கவனம், எச்சரிக்கை! பராக்காக நிற்பவனை எழுப்பவே அந்தக் குரல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 188இல் அப்படி ஒரு குரல் கேபினிலிருந்து வந்தது. அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன் வந்த குரல் காதில் ஏறவில்லை.

அது 1972 டிசம்பர் 29, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் விமானம், நியூயார்க்கிலிருந்து மியாமிக்கு. இறங்கும் நேரத்தில் மூக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடியில் தானியங்கியைப் போட்டுவிட்டு விளக்கை ஆராய்ந்தார்கள். கழற்றிய விளக்குக் கூட்டைத் திரும்ப மாட்டப் போனால் அது கோணலாகச் சிக்கிக்கொண்டது. விமானி அறையில் கூடவே இருந்த விமானப் பொறியாளர் சக்கரத்தை நேரில் பார்க்கக் கீழே இறங்கினார். இதற்கிடையில் யாருடைய கையோ உடம்போ சுக்கானில் பட்டிருக்க வேண்டும், உயரத்தைப் பிடித்து வைத்திருந்த தானியங்கி விடுபட்டு விமானம் மெல்ல மெல்லச் சரிந்தது. எச்சரிக்கை மணி அடித்தது பொறியாளரின் இருக்கைப் பக்கம். அவர் அங்கே இல்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 176 பேரில் 101 பேர் இறந்துபோனார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பழுது விளக்கில் மட்டும்தான்.

சும்மா இருந்தவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. அதனால்தான் ‘அலட்சியம்’ என்றும் இதை எழுதக் கூடாது என்கிறேன். வேலையே பராக்காக முடியும்.

ஆனால் வழி தவறிய எல்லா விமானத்துக்கும் பராக்கு பொருந்தாது. 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965இல், ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்தை நினைத்துக் கணினியில் ‘ஆர்’ என்று மட்டும் தட்டினார்கள். கணினி எடுத்துக்கொண்டது பொகோட்டா பக்கமிருந்த ரோமியோவை. இருட்டில் விமானம் இடப்புறம் திரும்பி மலையில் மோதியது. 159 பேர் இறந்தார்கள். அவசரம் இருந்தது, ஓடுபாதையைக் கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்ட நெருக்கடி இருந்தது, ஆனால் கவனம் ஓட்டுவதில்தான் இருந்தது. பேர் ஏமாற்றிவிட்டது. இதற்கு ‘வழிமயக்கம்’ பொருந்தும். இரண்டையும் ‘கவனச்சிதறல்’ என்ற ஒரே கூடையில் போட்டால் படிப்பவருக்குக் காரணமே பிடிபடாது.

சரி, விபத்து அறிக்கையில் ‘பராக்கு’ என்று எழுதலாமா? பராக்கில் ஒரு பிள்ளைத்தனமும் கொஞ்சம் குற்றச்சாட்டும் ஒட்டியிருப்பது உண்மை. இறந்துபோன விமானியைப் பற்றி எழுதும்போது அது உறுத்தும். அங்கே ‘கவன விலகல்’ என்று எழுதுவேன். பொருள் அதேதான், தொனி மட்டும் அடங்கியது. செய்தியிலும் கட்டுரையிலும் பராக்கு தாராளமாக வரலாம். பத்து அறிவிப்புகள் ஒரே நேரத்தில் கைபேசியில் வந்து மனம் கலைவதற்குக் கவனச்சிதறலை வைத்துக்கொள்வோம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: ‘ஸ்டெரைல் காக்பிட்’. 10,000 அடிக்குக் கீழே விமானிகள் பறத்தலுக்குத் தொடர்பில்லாத எதையும் பேசவோ செய்யவோ கூடாது என்று 1981இல் அமெரிக்கா கொண்டுவந்த விதி. 188 அதற்கு மேலே பறந்ததால் அந்த விதிக்குள் அடங்கவில்லை. சொந்தக் கணினியையும் கைபேசியையும் விமானி அறையில் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற தடை 2014இல் வந்தது. ‘ஸ்டெரைல்’ என்பதை அகராதி பார்த்து மலடு என்றோ கிருமி நீக்கியது என்றோ மாற்றினால் விபரீதமாகிவிடும். நான் ‘பராக்கு விலக்கு’ என்று எழுதுகிறேன். “இறங்கத் தொடங்கிவிட்டோம், இனிப் பராக்கு விலக்கு” என்று ஒரு விமானி சொன்னால் பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கம் தேவைப்படாது.