லித்தியம் நஞ்சாகும்போது சிறுநீரகத்தில் நடப்பது

மிகையான உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு லித்தியம் பயன்படும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் வெளியிட்டார். இன்றும் அந்நோய்க்கு அதற்கு ஈடான மருந்துகள் மிகச் சிலவே. ஆனால் இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை நலம் தரும் இம்மருந்து, 1.5-ஐத் தாண்டினாலே வாந்தி, கைநடுக்கம், தள்ளாட்டம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும்.

லித்தியம் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேற வேண்டும். சிறுநீரகமோ அதைச் சோடியத்தைப் போலவே கையாளுகிறது. வயிற்றுப்போக்கினாலோ, உப்பைத் திடீரெனக் குறைப்பதாலோ உடலில் சோடியம் குறையும்போது, சிறுநீரக நுண்குழல்கள் அதை விடாமல் உறிஞ்சிக்கொள்கின்றன. கூடவே லித்தியமும் உள்ளே தங்கிவிடுகிறது. சிறுநீரைக் கூட்டும் தயசைடு வகை மாத்திரைகளும், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் இந்தத் தேக்கத்தைக் கூட்டுகின்றன. மருத்துவரைக் கேளாமல் விழுங்கும் வலி மாத்திரை இங்கே சிறிய விஷயமே அன்று.

சிறுநீரகத்தில் சிறுநீரைத் திரட்டும் சேகரிப்புக் குழல்களின் செல்களுக்குள் சோடியம் நுழையும் அதே வாயில் வழியாக லித்தியமும் புகுந்து தேங்குகிறது. அதனால், நீரை மீட்டெடுக்கும் அக்வாபோரின்-2 என்னும் புரதம் குறைந்துபோகிறது. ஓயாத தாகமும், நாளுக்கு 3 லிட்டருக்கு மேற்பட்ட சிறுநீரும் இதன் அடையாளங்கள். அந்த வாயிலை அடைக்கும் அமிலோரைடு மருந்து இந்நிலையில் பலருக்கு உதவுகிறது. லித்தியத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து உட்கொள்பவர்கள் சிலருக்குச் சிறுநீரகத் திசுக்களில் தழும்பேறி, நுண்ணிய நீர்க்கட்டிகளும் தோன்றுகின்றன. இந்தச் சேதம் பெரும்பாலும் மீளாது.

நச்சு ஏறியவருக்கு முதலில் லித்தியத்தை நிறுத்தி, இரத்தக் குழாய் வழியாக உப்புநீர் ஏற்றுகிறார்கள். நீரை ஏற்கெனவே இழந்துகொண்டிருக்கும் சிறுநீரகமாயின் இரத்தச் சோடியம் மிகுந்துவிடும் என்பதால் அதையும் அடிக்கடி அளக்க வேண்டும். நஞ்சை உறிஞ்ச வழக்கமாகக் கொடுக்கும் கரி மருந்து லித்தியத்தைப் பற்றாது. வலிப்பு, சுயநினைவு இழப்பு, ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறு ஆகியவை தோன்றினாலும், சிறுநீரகம் தளர்ந்த நிலையில் இரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டினாலும், இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் தேவைப்படுகிறது. ஆனால் டயாலிசிஸ் இரத்தத்தைத்தான் சுத்தம் செய்கிறது. செல்களுக்குள் பதுங்கிய லித்தியம் பிறகு மெல்லக் கசிந்து வந்து அளவை மீண்டும் உயர்த்தும். ஆகவே முடிந்தபின் பல மணி நேரம் தொடர்ந்து அளந்து பார்த்து, தேவையெனில் மறுபடியும் செய்கிறார்கள்.

தேறியபின் லித்தியத்தை மீண்டும் தொடங்கலாமா என்பதை மனநல மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் அதை நிறுத்துவதால் நோய் திரும்பும் அபாயமும் தற்கொலை அபாயமும் கூடுகின்றன.