பகலில் எரியும் லைட்டும் நான் போட்டுக் கொடுத்த சுவிட்சும்

கோத்தகிரி கடைவீதியில் பகல் பதினொரு மணிக்கு ஒரு புது பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எதிரே வருகிறவர்களில் ஒருவராவது இடது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டுவார். லைட் எரிகிறது என்று அர்த்தம். சிலர் பக்கத்திலேயே வண்டியை ஓட்டி வந்து, "தம்பி, லைட்டு எரியுது பாரு, பேட்டரி போயிரும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தம்பியால் லைட்டை அணைக்க முடியாது. 2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் தயாராகும் இரண்டு சக்கர வண்டிகளில் அதற்குப் பட்டனே கிடையாது. ஹை பீம், லோ பீம் மாற்றுவதற்கு மட்டும்தான் பட்டன். இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் எரியும். அரசு போட்ட விதி அது.

நான் இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷமாக டூவீலர் மெக்கானிக். அந்தக் கைசாடைத் தொல்லை தாங்க முடியாமல் பட்டறைக்கு வந்தவர்களை எண்ணினால் முடியாது. "அண்ணா, இதுக்கு ஒரு சுவிட்ச் போட்டுக் குடுங்க." நானும் போட்டுக் கொடுத்தேன். டூமை, அதாவது ஹெட்லைட் கூட்டை, கழற்றி, பல்புக்குப் போகிற ஒயரை வெட்டி, நடுவில் ஒரு சின்ன சுவிட்சைச் சேர்த்து, டேப் சுற்றி, ஹேண்டில்பாரில் கிளட்ச் பக்கம் மாட்டிவிட்டால் முடிந்தது. இருபது நிமிஷ வேலை, சுவிட்சோடு சேர்த்து நூற்றைம்பது ரூபாய். மூன்று வருஷத்தில் பதினாறு வண்டிக்குப் போட்டிருக்கிறேன். கணக்கு நோட்டில் இருக்கிறது.

பிறகு ஒரு ஐப்பசி மாதம். மச்சானின் இலை வண்டிக்கு அன்று டிரைவர் வரவில்லை. சாயங்காலம் நாலு மணி, எடை போட்ட பச்சை இலை மூட்டைகள் ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். நான் ஓட்டினேன். தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு செம்மண் பாதை ஏறி மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில் பிக்கப்பை நிறுத்தினேன். காலையில் பெய்த மழையில் தார் ரோடு இன்னும் கறுப்பாக ஈரமாக இருந்தது. மேலே வெயில். ரோட்டோரம் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் நிழல் ரோட்டில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக விழுந்து கிடந்தது. வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், மறுபடியும் வலது பக்கம் பார்த்தேன். காலி ரோடு. கிளட்சை விட்டேன்.

டயர் தேயும் சத்தம். என் பம்பருக்கும் ஒரு பைக்கின் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கறுப்பு ரெயின்கோட், கறுப்பு ஹெல்மெட், சாம்பல் நிற வண்டி. வைசரைத் தூக்கியவன் முகத்தைப் பார்த்தால், நம் பட்டறைக்கு வருகிற பையன். "அண்ணா, நீங்களா? பாக்கலையா?" என்றான். அவன் இடது கை விரல்களுக்குப் பக்கத்தில் நான் மாட்டிய சுவிட்ச். ஆஃபில் இருந்தது.

பார்க்காமல் வண்டியை எடுத்திருந்தால் என் மீது கோபப்பட்டுவிட்டு விஷயத்தை மறந்திருப்பேன். நான் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். அதுதான் இரண்டு மூன்று நாள் தூங்கவிடாமல் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே பிக்கப்பை அதே இடத்தில் நிறுத்தி, பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பையனை பைக்கோடு மேலே வளைவுக்கு அனுப்பினேன். மச்சான் என் பக்கத்தில். நான் தலையைக் குனிந்து பெடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மச்சான் "இப்போ" என்றதும் நிமிர்ந்து ஒரே ஒரு நொடி ரோட்டைப் பார்த்துவிட்டு, வண்டி வருகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். சில தடவை பையன் வராமலேயே மச்சான் "இப்போ" என்பார். லைட்டை அணைத்து வந்தபோது பாதிக்குமேல் தப்பாகச் சொன்னேன். மரத்தடி நிழலில் அவன் இருந்த நேரங்களில் கிட்டத்தட்ட எல்லாமே தப்பு. லைட் போட்டு வந்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. நிழல் இல்லாமல் வெயில் பளீரென்று அடித்த இடத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இது ஆராய்ச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. பைக் வரப்போகிறது என்று தெரிந்து உட்கார்ந்திருந்தவனுக்கே இந்தக் கதி என்றால், இலை மூட்டை ஞாபகத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும்?

ஒரு சில்வர் ஓக் மரத்தையும், உங்களை நோக்கி நேராக வரும் ஒரு பைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். இரண்டும் ஒல்லி, இரண்டும் உயரம், இரண்டும் சாம்பல். அதோடு, நேராக நம்மை நோக்கி வருகிற பொருள் கண்ணுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ நகராது. இருந்த இடத்திலேயே மெல்லப் பெரிதாகும். காராக இருந்தால் அகலம் இருப்பதால் வளர்வது தெரிந்துவிடும். பைக் கடைசி இரண்டு விநாடி வரை சின்னதாகவே இருந்துவிட்டுத் திடீரென்று முகத்துக்கு முன்னால் நிற்கும். கண்ணும் நாம் நினைக்கிற மாதிரி தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. தலையை வேகமாகத் திருப்பும்போது அது தாவித் தாவித்தான் போகிறது, தாவும் நேரத்தில் ஒன்றும் பதிவதில்லை. அந்த இடைவெளியை மூளை தானே நிரப்பி "ரோடு காலி" என்று சொல்லிவிடுகிறது. எரியும் விளக்கு ஒன்று இருந்தால் ஓரக்கண்ணில் பட்டுப் பார்வையை இழுக்கும்.

விளக்கு உதவாத இடமும் உண்டு. முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் கம்பத்துக்குப் பின்னால், முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு பைக் ஆளோடு சேர்த்து மறைந்துகொள்ளும். அங்கே லைட் எரிந்தாலும் ஒன்றுதான், எரியாவிட்டாலும் ஒன்றுதான். டிரைவர்தான் உடம்பை முன்னுக்கும் பின்னுக்கும் அசைத்து எட்டிப் பார்க்க வேண்டும். இலை வண்டி ஓட்டுகிறவர்களிடம் இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

உலகத்தில் பலர் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். ஹர்ட் அறிக்கை என்பார்கள். பைக்கும் இன்னொரு வண்டியும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த இன்னொரு வண்டிக்காரர் பைக்கின் பாதையில் குறுக்கே வந்ததால் நடந்தவை. கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில், "நான் பார்க்கவில்லை." மலேசியாவில் 1992இலேயே பைக்குகள் பகலில் லைட் போட்டு ஓட வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். கண்ணில் படாததால் நடக்கும் வகை விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக அங்கே கணக்கெடுத்தவர்கள் எழுதினார்கள். அங்கிருந்து விடுமுறைக்கு வரும் நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், பகலில் லைட் எரிவதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம். பட்டறையில் தினமும் கேட்கிற கேள்வி அதுதான்.

லைட் எரிவதால் பேட்டரி போவதில்லை. இன்ஜின் ஓடும்போது அதிலுள்ள ஸ்டேட்டர் காயில் கரண்ட்டைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. நம் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் உள்ள ரெகுலேட்டர், தேவைக்கு மேல் வரும் கரண்ட்டை எர்த்தில் இறக்கிவிடும் வகை. நீங்கள் சுவிட்சைப் போட்டு லைட்டை அணைத்தால் பல்பு எடுக்கும் 35 வாட்டும் மிச்சமாகி எங்கேயும் சேர்வதில்லை. ரெகுலேட்டர் கூடுதலாகச் சூடாவதுதான் மிச்சம். பெட்ரோலும் மிச்சமில்லை. அப்படியானால் நம் ஊரில் பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது? மார்கழிக் குளிரில் பேட்டரியின் பலம் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து கிக்கரை மறந்து செல்ஃபையே நாலு தடவை அமுக்குகிறோம். பிறகு வீட்டிலிருந்து கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துகிறோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க நேரமே தருவதில்லை. பழி லைட் மீது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கிக்கர் உதையுங்கள், பேட்டரி இன்னும் கொஞ்ச நாள் கூட வரும்.

மேட்டுப்பாளையம் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அரவேனு தாண்டியதும் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்குவது. கீழே போகும்வரை ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை என்று பெருமை வேறு. இன்ஜின் பிரேக் இல்லாமல் இறங்கினால் பிரேக் ஷூ சூடேறி பிடிப்பு விட்டுப்போகும் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லாத இன்னொன்று: பல வண்டிகளில் இன்ஜின் நின்றால் ஹெட்லைட்டும் நின்றுவிடும். அப்போது நீங்கள் சத்தமும் இல்லாத, வெளிச்சமும் இல்லாத ஒரு வண்டி. ஊட்டி சீசன் சமயத்தில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லும்போது, சமவெளியிலிருந்து வந்த கார்கள் வரிசையாக இந்த ரோட்டில்தான் இறங்கும். மேப் சொல்லும் திருப்பத்தைப் பார்ப்பார்களா, பின்னால் சத்தமில்லாமல் உருண்டு வரும் உங்களைப் பார்ப்பார்களா?

பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள், அதாவது ஆன்-ஆஃப் சுவிட்ச் கம்பெனியிலேயே வந்த வண்டிக்காரர்கள், கிளம்பும்போது கையால் போட்டுக்கொள்ளலாம். லோ பீம் போதும். ஹை பீம் போட்டு எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைத்தால், உங்களைப் பார்ப்பதற்குப் பதில் உங்களிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். பனி மூட்டத்தில் ஹை பீம் சுவரில் அடித்த பந்து மாதிரி உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். மலிவாக வரும் எல்இடி பல்புகளும் அப்படித்தான். ஹாலோஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் அதை மாட்டினால் வெளிச்சம் தாறுமாறாகச் சிதறும். தனக்குப் பிரகாசமாக இருக்கிறது என்று வாங்கியவருக்குச் சந்தோஷம், எதிரே வருகிற பஸ் டிரைவருக்குக் கண் இருட்டு. பின்னால் மூட்டை கட்டினாலும் முன் வெளிச்சம் மேலே தூக்கிக்கொள்ளும். டூமுக்குக் கீழே ஒரு போல்ட் இருக்கிறது, லேசாகத் தளர்த்தி இறக்கி விடலாம். தெரியாவிட்டால் கேளுங்கள், காசு வாங்கமாட்டேன்.

மழைக்காலத்தில் செம்மண் தெறித்து டூம் பாதி மூடியிருக்கும். கிளம்பும் முன் ஒரு ஈரத்துணி.

பைக்காரர்களுக்குச் சம்பந்தமில்லாதது போல இருக்கும், ஆனாலும் ஒரு கோபம். ஒரு பக்க லைட் செத்துப்போன ஜீப்பையும் பிக்கப்பையும் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறவர்கள் இந்த மலையில் நிறைய. பனியில் ஒற்றை விளக்கைப் பார்த்தால் எதிரே பைக் வருகிறது என்றுதான் நினைப்போம். பைக் என்று நினைத்து இடம் விட்டால், கொண்டை ஊசி வளைவில் முழு ஜீப் வந்து நிற்கும். ஒரு பல்பு என்ன விலை?

உடையைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. குளிர் ஊர் என்பதால் நமக்குக் கறுப்பு ஜெர்கின், கறுப்பு ரெயின்கோட், அடர்நீல ஸ்வெட்டர்தான். மார்கழி மாதம் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு படுகர் மக்கள் கூட்டமாகப் போவதை எதிர் மலையிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அத்தனை தூரத்திலிருந்தும் தேயிலைப் பச்சைக்கு நடுவே அந்த வெள்ளை தனியாகத் தெரியும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பக்கம் செய்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. கண்ணைப் பறிக்கும் நிறத்திலோ ஒளி திருப்பும் பட்டையோடோ உடுத்தியவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு, கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்காரர்களுக்கு 24 சதவீதம் குறைவு, பகலில் லைட் போட்டு ஓட்டியவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. எனக்கு இதில் பிடித்தது ஹெல்மெட் விஷயம். எப்படியும் வாங்கத்தான் போகிறோம், வெள்ளையாக வாங்கினால் கூடுதல் செலவு என்ன? ஆனால் நம் பையன்கள் கடையில் மேட் கறுப்பைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். என் மகனும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று என் பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்ற பையன் அடுத்த வாரமே பட்டறைக்கு வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. டூமைக் கழற்றி, சுவிட்சை வெட்டி எடுத்து, ஒயரைப் பழையபடி சேர்த்து சால்டர் வைத்தேன். "அப்போ கை காட்டுறவங்களுக்கு என்னண்ணா பதில் சொல்றது?" என்று கேட்டான். திருப்பி நீயும் கையைக் காட்டு, அவங்களும் போட்டுக்கட்டும் என்றேன்.

நோட்டில் உள்ள பதினாறில் பதினொன்றைக் கழற்றியாகிவிட்டது. இரண்டு வண்டி கைமாறி கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. மீதி மூன்று இன்னும் இந்த மலையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது: ஒரு சிவப்பு ஸ்கூட்டர், இரண்டு கறுப்பு பைக். படிக்கிறவர்களில் யாராவது அந்த மூன்று பேரில் ஒருவராக இருந்தால் வண்டியைக் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். அரை மணி நேரம் ஆகும், மழையாக இருந்தால் உள்ளே உட்காருங்கள், டீ சொல்கிறேன்.